பழைய மோட்டாருக்கு இன்னும் இரண்டு கண்

இரவில் எதிரே வரும் மோட்டாரை நாம் மோட்டாராகப் பார்ப்பதே இல்லை. இருட்டில் ஒரு வெளிச்சப் புள்ளி, அவ்வளவுதான். அது நூறு மீட்டரில் இருக்கிறதா முந்நூறு மீட்டரில் இருக்கிறதா, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறதா தொண்ணூறில் வருகிறதா என்பதையெல்லாம் அந்த ஒரு புள்ளியை வைத்தே நம் கண்ணும் மூளையும் கணக்குப் போட வேண்டும். பல நேரங்களில் அந்தக் கணக்கு தப்பிவிடுகிறது.

என் அக்கா மகனுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு அப்படித்தான் ஆனது. வீடு காப்பாரில். வேலை கிள்ளான் வடக்குத் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில், ஷிப்ட் முறையில். இரவு பதினொன்றரைக்கு வேலை முடித்து காப்பார் சாலையில் திரும்பி வருவான். லோரிகள் ஓயாத சாலை அது என்று அந்தப் பக்கத்து மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எதிரே வந்த கார் ஒன்று, ஒரு தாமானுக்குள் நுழைய இவன் பாதையைக் குறுக்கே வெட்டி வலது பக்கம் திரும்பியது. பிரேக் பிடித்ததில் மோட்டார் சரிந்தது. முழங்கையில் சிராய்ப்பு, சிக்னல் விளக்கு உடைந்தது. அதோடு போயிற்று. கார்க்காரர் ஓடி வந்து தூக்கிவிட்டாராம். நல்ல மனிதர். அவர் சொன்ன வார்த்தையைத்தான் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்: "லைட்டைப் பாத்தேன் தம்பி. ரொம்ப தூரத்துல இருக்கேன்னு நெனச்சேன்."

பார்க்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. பார்த்திருக்கிறார். தூரம்தான் புரியவில்லை.

அந்த மோட்டார் அத்தானுடையது. யமாஹா ஆர்.எக்ஸ்.ஸெட், 133 சிசி, டூ ஸ்ட்ரோக். 80-களிலும் 90-களிலும் இளைஞராக இருந்த மலேசியர் எவரைக் கேட்டாலும் அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார். அத்தான் தவறி ஐந்து வருடம் ஆகிறது. மூன்று வருடம் துணி போர்த்திப் பின்வாசலில் நின்ற வண்டியைப் பையன்தான் சொந்தச் சம்பளத்தில் சரிபண்ணி எடுத்தான். விழுந்த அன்று இரவே அக்கா சொல்லிவிட்டாள், "வித்துடு. மாசத் தவணையில காடி எடுத்துக்கோ." அவன் மறுத்துவிட்டான். ஒரு வாரம் வீட்டில் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பிறகு என்னிடம் வந்தான். "சித்தி, ரெண்டு லைட்டு போட்டுட்டா போதும். அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க."

ரேடியோவில் பேசுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கு மோட்டார் ஓட்டத் தெரியும், பழுதுபார்க்கத் தெரியாது. ஆனால் கேள்வி கேட்பது என் தொழில். அந்த ஒரு மாதத்தில் கேட்டும் படித்தும் பட்டறை வாசலில் உட்கார்ந்து பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். நம் வீடுகளில் இன்னும் எத்தனையோ இ.எக்ஸ்.5, சி70, ஆர்.எக்ஸ்.ஸெட் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதிகாலையில் வேலைக்குப் போகிற மாமாக்களும் தம்பிகளும் அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலில் அந்தக் கார்க்காரரின் வார்த்தை. ஒரு பொருள் நம்மை நோக்கி வருவதை அது பெரிதாகிக்கொண்டே போவதை வைத்துத்தான் கண் அறிகிறது. பகலில் மோட்டாரின் முழு உருவமும் பெரிதாகும். ஆள், ஹேண்டில், டயர் எல்லாமே தெரியும். இரவில் தெரிவது விளக்கு மட்டும். ஓர் உள்ளங்கை அளவு விளக்கு, நூறு மீட்டரிலிருந்து எழுபது மீட்டருக்கு வந்தால் எவ்வளவு பெரிதாகிவிடும்? கண்ணுக்கு அந்த வித்தியாசம் பிடிபடுவதே இல்லை. காருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. இரண்டு விளக்குகளுக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும். கார் நெருங்க நெருங்க அந்த இடைவெளி விரியும். அந்த விரிவைத்தான் மூளை வேகமாக மொழிபெயர்க்கிறது.

லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2012-இல் வெளியிட்டார்கள். வெளிச்சம் குறையக் குறைய, ஒற்றை விளக்கு மோட்டாரின் வேகத்தைக் கணிப்பதில் மக்கள் மேலும் மேலும் தடுமாறினார்கள். காரின் வேகத்தை அப்படித் தவறவிடவில்லை. அதே மோட்டாரில் முக்கோணமாக மூன்று விளக்கு இருப்பதுபோல் காட்டியபோது கணிப்பு நன்றாக மேம்பட்டது.

இதைப் படித்த பிறகு பையனிடம் கேட்டேன், "ரெண்டு லைட்டுன்னா எப்படிப்பட்ட ரெண்டு லைட்டு?"

கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். பழைய விளக்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒட்டினாற்போல் இரண்டு உருண்டை விளக்கு. தும்பியின் முகம் மாதிரி. 1997-இல் டிரையம்ப் நிறுவனத்தின் ஸ்பீட் டிரிபிள் மோட்டார் அந்த முகத்தோடு வந்ததிலிருந்து உலகம் முழுக்க இளைஞர்களுக்கு அதன்மேல் ஒரு மோகம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் நெருக்கி வைத்த இரண்டு விளக்கு, கொஞ்சம் தூரம் போனாலே ஒன்றாகக் கலந்து ஒரே புள்ளியாகிவிடும். கலக்காமல் தெரிந்தால் இன்னொரு சங்கடம். இரண்டு விளக்கு என்றால் கார் என்றுதான் நம் மூளை பழகியிருக்கிறது. காரின் விளக்குகள் இவ்வளவு நெருக்கமாகத் தெரிகின்றன என்றால் அது வெகு தூரத்தில் இருக்கிறது என்று அது முடிவுகட்டிவிடலாம். பையன் விழுந்தது எந்தக் குழப்பத்தால் என்று இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள்.

ஓடும் பாதை தனக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டு விளக்கு போடுவது வேறு விஷயம். பிறர் தன் வேகத்தைக் கணிக்க வேண்டும் என்றால் விளக்குகளுக்கு நடுவே இடம் விட வேண்டும். பழைய விளக்கை அதன் இடத்திலேயே வைத்துவிட்டு, அதற்குக் கீழே, முன்சக்கரத்தின் இரு பக்கமும் ஃபோர்க்கில் பட்டை போட்டு இரண்டு சிறு விளக்குகளைத் தள்ளித் தள்ளி மாட்டுவதுதான் என் கட்சி. அக்காவும் இந்தக் கட்சிக்கு வந்துவிட்டாள், வேறு காரணத்தால். "மோட்டாரோட மூஞ்ச மாத்தாதடா. அப்பா ஓட்டின மாதிரியே இருக்கட்டும்." அதற்குப் பிறகு தும்பி முகத்தைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை.

அடுத்தது பட்டறை. பக்கத்துத் தாமான் ஃபோர்மேன் அண்ணனுக்கு அறுபதை ஒட்டிய வயது. அத்தானுக்கும் அவர்தான் இந்த வண்டியைப் பார்த்தவர். வாங்கி வந்த விளக்குப் பெட்டியைப் பையன் நீட்டியபோது அவர் கையில் வாங்கவே இல்லை. "அதெல்லாம் பிறகு லா. மொதல்ல இருக்குற ஒன்னுக்கு கரண்டு ஒழுங்கா போகுதான்னு பாப்போம்" என்று மீட்டரை எடுத்தார்.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான வரி அவர் சொன்ன அந்த வரிதான்.

பழைய சின்ன மோட்டார்கள் பலவற்றில் முன்விளக்குக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே கிடையாது. இன்ஜின் சுற்றும்போது உள்ளே ஒரு காந்தம் சுற்றுகிறது, அதையொட்டிய கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அதில் ஒரு பங்கு பேட்டரிக்குப் போகும். மறுபங்கு நேராக முன்விளக்குக்கு, ஏ.சி. மின்சாரமாகவே போய்விடும். ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் விளக்கு பிரகாசிக்கும், விட்டால் மங்கும். இ.எக்ஸ்.5 வைத்திருக்கும் எவருக்கும் இது பழகிப்போன காட்சி. சந்தியில் மெதுவாக உருண்டு வரும்போது, மற்றவர் கண்ணில் பட்டே ஆக வேண்டிய அந்தக் கணத்தில், விளக்கு அகல்விளக்கு மாதிரி ஆகிவிடும்.

இதற்கு மேல் முப்பது வருடத்து வயர். பச்சை பூத்த முனைகள், எண்ணெய் குடித்த கனெக்டர்கள், ஹேண்டிலில் உள்ள தேய்ந்துபோன சுவிட்ச். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட் தொலைந்துவிடும். இழை உள்ள பல்புகளுக்கு ஒரு குணம் உண்டு. மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் பத்து விழுக்காடு குறைவதோடு நிற்காது, ஏறக்குறைய முப்பது விழுக்காடு போய்விடும். பையனின் வண்டியில், இன்ஜின் நின்ற இடத்தில் ஓடும்போது பல்பின் முனையில் அண்ணனின் மீட்டர் 9 வோல்ட்டுக்கும் கீழே காட்டியது. 12 வோல்ட் பல்பு அது. "இதுல ரெண்டு போட்டா, ஒன்னு எரியறதுக்குப் பதிலா ரெண்டும் அழும்" என்றார்.

இங்கே கணக்கு எளிமையானது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். பழைய சின்ன மோட்டார்களின் முன்விளக்குப் பல்பு 25 முதல் 35 வாட் வரை இருக்கும். 35 வாட் என்றால் சுமார் 3 ஆம்பியர். அந்தச் சுவிட்சும் வயரும் சுருளும் அதற்காகச் செய்யப்பட்டவை. அதில் கார்களுக்குப் போடும் 55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டை மாட்டினால் 110 வாட், 9 ஆம்பியருக்கு மேல். சுருளால் அவ்வளவு கொடுக்கவும் முடியாது, வயரால் தாங்கவும் முடியாது. சுவிட்ச் உருகும். பல வண்டிகளில் உருகியிருக்கிறது. டேங்கில் பெட்ரோல் இருக்க, அதற்குக் கீழே ஓடும் வயர் சூடாவது விளையாட்டல்ல.

எல்.இ.டி. வந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறது. நல்ல சிறு எல்.இ.டி. விளக்கு 10 வாட்டில் கணிசமான வெளிச்சம் தரும். இரண்டு போட்டாலும் 20 வாட்தான், பழைய பல்பு ஒன்றின் சுமையைவிடக் குறைவு. பழைய மோட்டாருக்கு இன்று இரட்டை விளக்கு சாத்தியமாவதே இதனால்தான். ஆனால் எல்.இ.டி.க்கு ஏ.சி. ஆகாது. நேராக இணைத்தால் துடிக்கும், சீக்கிரம் சாகும். ஆகவே முன்விளக்கை பேட்டரிப் பக்கம் கொண்டுவர வேண்டும். பட்டறைகளில் இந்த வேலையை 'ஃபுல் வேவ்' என்பார்கள். வண்டியின் உடலோடு இணைந்திருக்கும் சுருளின் முனையைப் பிரித்தெடுத்து, இரு முனைகளையும் புதிய ரெக்டிஃபையரில் கொடுப்பார்கள். சுருள் தரும் மின்சாரம் முழுவதும் டி.சி.யாக மாறி பேட்டரிக்குப் போகும், விளக்கு அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். சந்தியில் நின்றாலும் மங்காது.

இதில் ஒரு விலையும் உண்டு. முன்பு பேட்டரி செத்திருந்தாலும் உதைத்து ஸ்டார்ட் பண்ணினால் முன்விளக்கு எரியும். இனி பேட்டரி போனால் விளக்கும் கூடவே போகும். எனவே பழைய பேட்டரியை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யச் சொல்லாதீர்கள். இந்த வகை மோட்டார்களின் பேட்டரி 5 ஆம்பியர்-மணி அளவுதான். இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டு சின்ன விளக்கையும் பழைய விளக்கையும் எரியவிட்டால் ஒரு மணி நேரம் தாங்குவதே பெரிய விஷயம். சாவியைத் திருப்பினால்தான் விளக்கு எரியும்படி இணைப்பு இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

பிறகு ரிலே. தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கும். இதைப் போடாமல் வேலையை முடித்துக் கொடுப்பவர்கள்தான் அதிகம். விஷயம் இதுதான்: ஹேண்டில் சுவிட்ச் விளக்கின் முழுச் சுமையையும் தூக்க வேண்டாம். அது ரிலேக்கு "திற" என்று சொன்னால் போதும். கேட்டில் நிற்கும் ஜாகா தடியைத் தூக்கிவிடுகிறார், லோரி தானாகப் போகிறது. ஜாகா லோரியைத் தள்ள வேண்டியதில்லை. ரிலேயின் கால்களில் எண் போட்டிருக்கும். 30 என்ற காலுக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தனி வயர். 87-இலிருந்து விளக்குக்கு. 85, 86 இரண்டில் ஒன்று பழைய சுவிட்ச் வயருக்கு, மற்றது எர்த்துக்கு. இந்த எண்கள் பெரும்பாலான ரிலேக்களில் ஒன்றுதான் என்பதால், வேறு ஊரில் பழுதானாலும் எந்த ஃபோர்மேனும் கண்டுபிடித்துவிடுவார். ஏ.சி. வண்டியில் மாற்றம் எதுவும் செய்யாமல் ரிலேயை மட்டும் போட்டால் அது கொசு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு சத்தம் கேட்டால் அரைகுறை வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால், அதற்கு முன்னால் ஓடும் வயர் முழுவதற்கும் காவல் கிடையாது. இரண்டு விளக்குக்கும் மின்சாரம் தனித்தனிக் கிளையாகப் போக வேண்டும். ஒன்றிலிருந்து வெளியேறி இன்னொன்றுக்குள் போவதுபோல் கோத்துவிட்டால் ஆளுக்குப் பாதி வோல்ட்தான் கிடைக்கும்.

எர்த் விஷயத்தில் அண்ணன் பிடிவாதம் பிடித்தார். பொதுவாக எர்த் வயரை ஃபோர்க்கிலேயே ஒரு நட்டில் கட்டிவிடுவார்கள். ஃபோர்க்குக்கும் சேசிஸுக்கும் நடுவே இருப்பது ஹேண்டில் திரும்பும் பேரிங். அதில் கிரீஸ். மின்சாரம் அந்த கிரீஸைத் தாண்டித்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். விளக்கு ஏன் சில நேரம் மினுக்குகிறது என்று ஆறு மாதம் கழித்துத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். அவர் இரண்டு விளக்கின் எர்த்தையும் தனி வயராகப் பின்னால் கொண்டுபோய் பேட்டரியின் நெகட்டிவில் முடித்தார். கூடுதல் செலவு இரண்டு மீட்டர் வயர்தான்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. முன்விளக்கு, சிறு விளக்கு இரண்டு, பிரேக் விளக்கு எல்லாவற்றையும் எரியவிட்டு, சாதாரணமாக ஓட்டும் வேகத்துக்கு இன்ஜினை முறுக்கிப் பேட்டரியில் மீட்டர் வைத்தார். 13.7. பதின்மூன்றரைக்கு மேல் இருந்தால் பேட்டரிக்கு வரவு இருக்கிறது. 12.5 பக்கம் நின்றுவிட்டால் வரவைவிடச் செலவு அதிகம், ஏதாவது ஒரு விளக்கைக் குறைக்க வேண்டும். நம் வீட்டு பட்ஜெட் மாதிரிதான். பட்டறையை விட்டுக் கிளம்புவதற்கு முன் இந்த எண்ணைக் கேளுங்கள். "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்பது எண் அல்ல.

சரி, எந்த விளக்கை வாங்குவது? இணையக் கடைகளில் 15 வெள்ளிக்கு 'ஆயிரக்கணக்கான லூமென்' என்று விற்பதையெல்லாம் தள்ளிவிடுங்கள். லென்ஸின் மேல் ஒரு வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஐ.நா.வின் வாகன விதிகளின்படி சோதித்து அங்கீகரிக்கப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. பழைய ஹாலஜன் விளக்கின் கிண்ணத்துக்குள் எல்.இ.டி. பல்பை மட்டும் செருகுவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். அந்தக் கிண்ணத்தின் வளைவு, இழை எந்தப் புள்ளியில் எரிகிறது என்பதைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. வெளிச்சம் வேறு இடத்திலிருந்து வந்தால் கண்டபடி சிதறும். ஓட்டுபவருக்குப் பளீரென்று இருப்பதுபோல் தோன்றும், எதிரே வருபவருக்குக் கண் கூசும். கூசிய கண்ணோடு ஒரு லோரி எதிரே வருவது நமக்குத்தான் ஆபத்து.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. நாம் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறோம். ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கும் சீனாவுக்கும் செய்யப்படும் விளக்குகள் வலது பக்கம் ஓட்டுபவர்களுக்கானவை. அவற்றில் சிலவற்றின் தாழ் வெளிச்சம் சாலையோரத்தைக் காட்டுவதற்காக வலது பக்கம் மேலே ஏறும். அதை இங்கே மாட்டினால் எதிரே வருபவர் முகத்தில் நேராக அடிக்கும். சுவரில் அடித்துப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு நேர்கோடாக இருந்தால் நல்லது. இடது பக்கம் ஏறினாலும் சரி. வலது பக்கம் ஏறினால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

சுவர் என்றதும், விளக்கைக் குறிவைக்கும் வேலையையும் அங்கேயே முடித்துவிடலாம். சமதளமான இடம், டயரில் சரியான காற்று, ஓட்டுபவர் மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கும், விளக்கு வானத்தைப் பார்க்கும். சுவரிலிருந்து 5 மீட்டரில் வண்டியை நிறுத்தி, விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். தாழ் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். மனைவியையோ தங்கையையோ பின்னால் ஏற்றிப் போகிற பழக்கம் உள்ளவர்கள் அவர்களையும் ஏற்றிவைத்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எங்கள் அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்தபோது கோடு எவ்வளவு மேலே போனது என்பதை எழுத எனக்கு அனுமதி இல்லை.

மாட்டும்போது பார்க்க வேண்டிய சில்லறை விஷயங்கள். ஹேண்டிலை இடது கோடி வலது கோடி வரை திருப்பிப் பார்த்து, எந்த வயரும் இழுபடாமல் நசுங்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிக்னல் விளக்கைப் புதிய விளக்கு மறைக்கக் கூடாது, அதன் பளபளப்பில் சிக்னல் தெரியாமலும் போகக் கூடாது. டூ ஸ்ட்ரோக் வண்டியின் அதிர்வுக்குச் சாதாரண நட்டு ஒரு மாதத்தில் கழன்றுவிடும், உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டுதான் நிற்கும். நம் ஊர் மழையைச் சொல்லவே வேண்டாம். கனெக்டரின் வாய் கீழ்ப்பக்கம் பார்த்தபடி இருக்கட்டும், டேப் சுற்றுவதைவிடச் சூட்டில் சுருங்கும் குழாய் மேல்.

சட்டம் பற்றி. பகலிலும் மோட்டாரின் முன்விளக்கு எரிய வேண்டும் என்று நம் நாட்டில் 1992-இல் கட்டாயமாக்கினார்கள். இன்று நமக்கு அது பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டது. பிற்பாடு சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் நடத்திய ஆய்வில், மோட்டார் கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்திருந்தது தெரியவந்தது. ஒரு சுவிட்ச், 29 விழுக்காடு. ஆகவே விளக்கு என்பது அலங்காரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே சமயம் விளக்கை இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தோடு, வாகன அமைப்பு பற்றிய 1959-ஆம் ஆண்டு விதிகளும் இன்னும் நடப்பில் உள்ளன. கண் கூசும் விளக்குக்கு ஜே.பி.ஜே. சம்மன் கொடுக்கும். மினுக்கும் விளக்கு, நீலம், சிவப்பு எல்லாம் வேண்டவே வேண்டாம். அங்கீகாரம் உள்ள விளக்காக இருந்தாலும், மாட்டுவதற்கு முன் உங்கள் ஊர் ஜே.பி.ஜே. கிளையில் உங்கள் மோட்டாரின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். சாலையில் நிறுத்துகிற அதிகாரி, பட்டறை அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்கப் போவதில்லை.

செலவையும் சொல்லிவிடுகிறேன், அதைக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. எங்களுக்கு ரெக்டிஃபையர், பேட்டரி, ரிலே, வயர், இரண்டு விளக்கு, கூலி எல்லாம் சேர்த்து 370 வெள்ளி. இதில் விளக்கு மட்டும் 130. மீதி எல்லாம் அந்த விளக்குக்கு ஒழுங்காக மின்சாரம் போவதற்கான செலவு. முதலில் பையனுக்கு இது பிடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு ஏன் இவ்வளவு என்றான். ரெக்டிஃபையர் மாற்றி, வயர் புதுப்பித்து, மங்கிப்போன கிண்ணத்துக்குப் பதில் புதியது போட்டு, அத்தானின் பழைய விளக்கை மட்டும் எரியவிட்டு அண்ணன் காட்டியபோது அவனே வாயடைத்து நின்றான். பட்டறைச் சுவர் முழுக்க வெளிச்சம். அந்த வண்டியின் விளக்கு அப்படி எரிந்து அவன் பார்த்ததே இல்லை. கையைப் பிடிக்கும் நிலையில் இருக்கிறவர்கள் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பாதிச் செலவுதான் ஆகும், இருட்டில் கிடைக்கும் பலன் கணிசமானது. மேலே இரண்டு விளக்கைப் பிறகு காசு சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது வாரம் கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது நான் காரில் அவனுக்கு எதிர்த் திசையில் வர நேர்ந்தது. வேண்டுமென்றே கவனித்தேன். தூரத்தில் ஒரே வெளிச்சமாகத்தான் இருந்தது. கொஞ்சம் நெருங்கியதும் மூன்றாகப் பிரிந்தது. பிறகு அந்த முக்கோணம் விரிந்துகொண்டே வந்தது. கணக்குப் போட வேண்டிய தேவையே இல்லை, வருகிறான் என்று தெரிந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. காடி பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை, தீபாவளிக்குப் பிறகு மறுபடி வரும் என்று நினைக்கிறேன்.

கழற்றிய பழைய ரெக்டிஃபையரையும் கிண்ணத்தையும் அண்ணன் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். நீங்களும் அப்படிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பட்டறைக் குப்பையில் விட்டுவிடாதீர்கள். என்றாவது ஒருநாள் வண்டியைப் பழைய நிலைக்கு மாற்றிக் காட்டச் சொன்னால், இந்த வயது மோட்டார்களுக்கு அசல் சாமான் தேடி அலைவது பெரும் பாடு. முதல் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை இறுக்க வேண்டும். பையனுக்கு நான் ஞாபகப்படுத்திவிட்டேன், இன்னும் போகவில்லை.